ஒரு மோட்டார் சைக்கிளின் நாற்பது வருஷக் கணக்கு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் மாதத்திற்கு எட்டுப் பத்து முறையாவது போய்வரும் உத்தியோகம் நம்முடையது. சங்கங்களின் கணக்கைப் பார்ப்பதே வேலையாகிவிட்டபடியால், மனிதர்களைக் காட்டிலும் அவர்களுடைய பேரேடுகளே நமக்கு அதிகம் பழக்கம். இந்த மாதம் நாம் சொல்லப் புகுவதும் ஒரு பேரேட்டைப் பற்றியதுதான். ஆனால் அது எந்தச் சங்கத்துக்கும் உரியதன்று. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு உரியது.

வண்டியின் சொந்தக்காரர் இந்த ஜில்லாவில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. பெயரை அச்சில் போட வேண்டாமென்று கேட்டுக் கொண்டார். ஆகவே பெரியவர் என்றே அவரைக் குறிப்பிடுவோம். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டிய வீடு. வாசல் திண்ணையருகே ஓலைச் சார்ப்பு ஒன்று. அதன் நிழலில் வண்டி நிற்கும். கடற்காற்று எட்டும் இடமாதலால் வண்டியின்மேல் எப்பொழுதும் ஒரு பழைய நாலு முழ வேட்டி போர்த்தியிருக்கும். ‘நம் சங்கத்துச் சரக்குத்தான்’ என்று சொல்லிச் சிரிப்பார்.

வண்டி 350 ஸி.ஸி. புல்லட். 1978-இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1984-இல் பெரியவர் அதை இரண்டாம் கையாக வாங்கினார். பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் பெற்று, முப்பத்தாறு தவணைகளில் ஒன்றுகூடத் தவறாமல் அடைத்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, பேரேட்டில் பார்த்தோம்.

இந்த வண்டியின் வமிசாவளியைச் சற்றுச் சொல்லிவிடுவது நல்லது. ராயல் என்பீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. நம் நாட்டு ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கென்று புல்லட் வண்டிகள் தேவைப்பட்டதையொட்டி, 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் அந்த ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்யலானார்கள். தாய்க் கம்பெனி தளர்ந்து, 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே முடிந்து போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அந்தப் பழைய வண்டி மாறாமல் பிறந்து கொண்டேயிருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. கற்றுக் கொடுத்தவன் வீட்டுக்கே பலகாரம் அனுப்பியதைப் போல! 1994-இல் எய்ச்சர் நிறுவனத்தாரின் கைக்கு முழுதும் வந்த பிறகு, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் ஏற்பட்டன. இரண்டும் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் மண்தான்.

வாசகர்கள் பலர் இன்று பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்புகிறவர்கள். நாமும் அப்படியே, நமக்கு வாய்த்தது கியரில்லாத ஒரு ஸ்கூட்டர். ஆகவே பெரியவர் வண்டியைக் கிளப்பும் முறையைப் பார்ப்பதே நமக்கு ஒரு பாடமாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் முகப்பிலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பார்க்கிறார். கிக்கரை மெல்ல மெல்லக் காலால் அழுத்துகிறார். கழித்தல் பக்கம் சாய்ந்திருந்த முள் ஒரு கட்டத்தில் நடுவுக்குத் திரும்புகிறது. உள்ளே பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். உடனே இடக்கையில் டீகம்ப்ரஸர் பிடியை இழுத்துச் சிலிண்டரிலுள்ள அழுத்தத்தை வெளியே விட்டு, கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்துகிறார். பிடியை விட்டுவிடுகிறார். கிக்கர் மேலே வந்ததும் ஒரே உதை. வண்டி பேச ஆரம்பிக்கிறது. பலம் தேவையில்லை; பொறுமைதான் தேவை. முள்ளைப் பார்க்காமல் முரட்டுத்தனமாக உதைத்தால் கிக்கர் எதிர்த்து உதைக்கும், கணுக்காலைப் பெயர்த்துவிடும்.

“தம்பி, தறியில் அறுந்த இழையைப் பார்க்காமல் நாடாவை விட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும்” என்றார்.

இனிப் பேரேட்டுக்கு வருவோம். நீளவாட்டில் தைத்த கோடுபோட்ட நோட்டுகள் ஐந்து. 1984-ஆம் வருஷம் ஆடி மாதம் தொடங்கி நேற்று வரையில் அந்த வண்டிக்குச் செலவான ஒவ்வொரு காசும் அவற்றில் ஏறியிருக்கிறது. பெட்ரோல், எண்ணெய், டயர், டியூப், பஞ்சர், கிளட்ச் கேபிள், பிளக், செயின், சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுப் புதுப்பிப்பு எல்லாம் தனித்தனிக் கலங்களில். ஒவ்வொரு மார்ச்சு முடிவிலும் கூட்டுத்தொகை போட்டு, கீழே கையெழுத்தும் இட்டிருக்கிறார். தமக்குத் தாமே தணிக்கை! நாமும் விளையாட்டாகச் சில பக்கங்களைக் கூட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் நாலணா வித்தியாசம் வந்தது. சுட்டிக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்து, தவறு நம்முடையது என்று காட்டிவிட்டார்.

அந்தக் கணக்கிலிருந்து தெரிவது என்னவென்றால், சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்ட இரண்டு பெரிய செலவுகளையும், டயர்களையும் நீக்கிவிட்டால், மற்றவையெல்லாம் சில்லறைச் செலவுகளே. காரணம், சிறு வேலைகள் அனைத்தையும் அவரே செய்து கொள்கிறார். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் மூடியைத் திறப்பார். தள்ளுகம்பி விரல்களுக்கிடையில் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஒரு தகட்டளவு வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, சக்கரக் கம்பிகளை எண்ணெய்த் துணியால் துடைப்பார். கடலோர வண்டிக்கு மழையைவிடக் காற்றுத்தான் எமன் என்பது அவர் அபிப்பிராயம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிந்திய பக்கத்தில் ஒரு விநோதத்தைக் கண்டோம். ஆறு நாட்களுக்குத் தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும் இருந்தன. தொகைக் கலம் காலி. கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று எழுதி, ‘தண்ணீர்க் கேன்’ என்ற குறிப்பு. கடல் உள்ளே வந்த அந்த வாரத்தில் குப்பங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டு போயிருக்கிறார். பெட்ரோல் செலவை ஏன் எழுதவில்லையென்று கேட்டோம். “அதை யார் பேரில் எழுதுவது?” என்றார். ஆனால் ஜனவரி மாதத்தில் சக்கரத்தின் பேரிங்குகள் உப்புச் சேற்றால் கெட்டு மாற்றிய செலவு ஒழுங்காக ஏறியிருக்கிறது.

இவ்வளவு பிரியமாய் வண்டி வைத்திருப்பவர் ஊராருக்கெல்லாம் புல்லட் வாங்கச் சொல்லுவார் என்றே நாம் நினைத்திருந்தோம். இக்காலத்தில் இளைஞர்களிடையே பழைய புல்லட்டுக்கு ஒரு மோகம் பிறந்திருப்பதும், நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதற்காகவே நகைக்கடன் வாங்குவதும் நாம் கண்ணால் காண்பவை. பெரியவரோ நேர் எதிராகப் பேசினார்.

“நெசவாளிக்கு ஏற்ற வண்டி மொபெட்தான், தம்பி. 1980-இல் ஓசூரிலிருந்து அந்தச் சிறு டி.வி.எஸ். வண்டி வந்ததே, அதைப்போல் ஏழைக்கு உதவிய யந்திரம் வேறில்லை. என் வண்டி நூற்றறுபது கிலோவுக்கு மேல். சாய்ந்துவிட்டால் நிமிர்த்த ஆள் தேட வேண்டும். நூல் சிப்பத்தை முன்னால் வைக்க இடமேது? மொபெட்டில் காலடியில் ஒரு சிப்பம், பின்னால் ஒரு சிப்பம். வீட்டுப் பெண்கள்கூட ஓட்டிவிடலாம். நான் இதை வாங்கியது சங்க வேலைக்கு. மழையென்றும் மண்சாலையென்றும் பாராமல் நாற்பது மைல் போய்வர வேண்டியிருந்தது. பெருமைக்காக வாங்கவில்லை.”

பெருமை அறவே இல்லையென்று நாம் நம்பவில்லை. வண்டியைப் பற்றிப் பேசும்போது அவர் முதுகு நிமிர்வதைப் பார்த்தோம். ஆயினும் அவர் கூறியதில் நியாயம் உண்டு. நாம் பார்த்துவரும் சங்கங்களில் பாவும் ஊடையும் வீடு வந்து சேர்வதும், நெய்த துணி சங்கத்துக்குப் போவதும் பெரும்பாலும் இந்தச் சிறு வண்டிகளின் முதுகில்தான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்து மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றினர். அந்தக் கோட்டையின் மதிலோரமாக இன்று தர்பூசணி மூட்டையுடன் மொபெட்டுகள் போகின்றன. காய்கறி பயிரிடுவோருக்கும் அதே வண்டிதான் துணை.

கடன் விஷயத்தில் அவர் சொன்னதை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். வண்டி விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன் கேட்கிறவனுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்கிறார். டயர், இன்ஷூரன்ஸ், வருஷப் பராமரிப்பு மூன்றையும் அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவன் இரண்டாம் வருஷத்தில் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தவணையை மட்டும் கட்டிக் கொண்டிருப்பான். பழைய வண்டி வாங்குகிறவனானால் பதிவுச் சான்று எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருசக்கர வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை அதே காரியம். இதையறியாமல் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் நம் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு நமக்கு வாக்குவாதம் ஏற்பட்டது. அது பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றியது. நம் நாட்டில் 2003-இல் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தொடங்கிய கலப்பு, 2025-இல் இருபது பங்கை எட்டியது. படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு பயிரிடும் அங்கத்தினர் பலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். கரும்புச் சாற்றுக்கும் கழிவுப்பாகுக்கும் ஒரு புதிய சந்தை கிடைப்பது அவர்களுக்கு நல்லதுதானே என்றோம்.

பெரியவர் உள்ளே போய் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஊறி உப்பிப் பிசுபிசுவென்றிருந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அக்காலத்து ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதன்று. வண்டி பத்து நாள் நின்றால் கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் மிச்சம் நிற்பதை வடித்துவிட வேண்டியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு; ஆகவே தூரமும் சற்றுக் குறைகிறது. “கரும்புக்காரர் பிழைக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அரிசியும் சோளமும்கூட இதற்குப் போகின்றன என்கிறார்கள். நன்மை யாருக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டட்டும். என்போன்ற பழைய வண்டிக்காரனுக்குக் கலப்பில்லாததும் ஒரு குழாயில் கிடைக்கட்டும், விலை கூடினாலும் சரி” என்பது அவர் கட்சி. பழைய வண்டிகளுக்காகப் பங்குதோறும் தனித் தொட்டி வைப்பது நடக்கிற காரியமா என்று நாம் ஐயப்பட்டோம். ‘பங்கு’ என்று இங்கே மக்கள் வழங்குவது பெட்ரோல் நிலையத்தை. விவாதம் முடியவில்லை. குழாயை மட்டும் நம் பையில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறோம். எந்தக் கூட்டத்திலாவது காட்டலாம்.

கணக்குப் பார்க்கும் பழக்கத்தால் நம் கண் எப்பொழுதும் இருப்பதைவிட இல்லாததைத் தேடும். ஐந்து நோட்டுகளையும் புரட்டிய பிறகு ஒரு கேள்வி எழுந்தது. ‘தலைக்கவசம்’ என்ற செலவு முதன்முதலாக 2015 ஜூலையில்தான் வருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அந்த மாதம் முதல் தேதியிலிருந்து தலைக்கவசம் கட்டாயமாக அமலாக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அதற்கு வெகு முன்னரே அதை விதித்திருந்தது. 1984-க்கும் 2015-க்கும் இடையில் முப்பத்தொரு வருஷம். கேபிளுக்கும் பிளக்குக்கும் வரிவரியாகச் செலவிருக்க, தலைக்கு ஒரு காசும் இல்லை.

கேட்டோம். பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். வீட்டிலிருந்த அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

“என்னோடு சங்கத்தில் ஒருவர் இருந்தார். கணக்கு எழுதுகிறவர். என் வண்டியின் பின்னால் எத்தனையோ நாள் உட்கார்ந்து வந்தவர். தாமே ஒரு வண்டி வாங்கினார். மூன்றாம் மாதம், இதே சாலையில், இருட்டில் நின்ற கட்டை வண்டியில் மோதிவிட்டார். உடம்பில் வேறு காயமே இல்லை, தம்பி. தலை ஒன்றுதான். இரண்டு நாள் செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். அடக்கம் முடிந்து இந்த வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன், வெறுந் தலையோடு. அதற்குப் பிறகும் நான் வாங்கவில்லை. இருபது வருஷம் வாங்கவில்லை. அபராதம் என்றார்கள், வாங்கினேன். அதையும் தலையில் போடவில்லை. டாங்கியின்மேல் மாட்டிக் கொண்டு போனேன். போலீஸைக் கண்டால் எடுத்துப் போடுவேன்.”

இதற்கு நாம் என்ன சொல்ல இருக்கிறது? இங்கிலாந்தில் 1935-இல் லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற படைவீரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அதை மறக்காமல், யுத்த காலத்தில் தூது செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் வெளியிட்டார். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பணியிலுள்ள அவ்வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து பார்த்தால் நம் பெரியவருக்கு முன்னரே எழுபது வருஷமாக இந்த உண்மை உலகில் இருந்துவருகிறது. இவ்வளவு நுணுக்கமான மனிதர், பாயிண்டின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பவர், இதை மட்டும் அளக்கவில்லை. நமக்கும் அவரைக் குறை கூறும் யோக்கியதை குறைவு. உள்ளூரில் தபாலாபீசுக்குத்தானே போகிறோம் என்று நாமும் வெறுந்தலையோடு போனதுண்டு.

பேத்தியால்தான் வழக்கம் மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘தாத்தா தலையில் போட்டுப் பட்டையை மாட்டினால்தான் நான் ஏறுவேன்’ என்று அந்தக் குழந்தை வாசலிலேயே நின்றுவிடுமாம். பேத்திக்கும் ஒரு சிறிய கவசம் வாங்கிய செலவு 2019-இல் ஏறியிருக்கிறது.

பிறகு 2022-இல், நோட்டில் நாற்பத்தேழு நாள் வெற்றிடம். அந்தக் கதையில் வாசகர் அறிய வேண்டிய ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளில் எல்லாம் தலைகீழ். கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். அன்று அவருடைய வண்டி பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தது. அவசரமென்று பேரனுடைய புது வண்டியை எடுத்துப் போனார். பூஞ்சேரிக் கூட்டுச் சாலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தில், ஒரு மாடு குறுக்கே வந்தது. முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கத்தில் இடக்கால் அழுத்தியது. வண்டி நிற்கவில்லை, கியர்தான் மாறியது. தூக்கியெறியப்பட்டு நடுத்தடுப்பின் விளிம்பில் தலை மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. கவசம் இரண்டாகப் பிளந்தது.

அதை அவர் எறிந்துவிடவில்லை. ஓலைச் சார்ப்பில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வலப்பக்கம் நெற்றியிலிருந்து காது வரையில் ஓடிய பிளவில் நம் சுண்டுவிரல் நுழைந்தது. வண்டி பார்க்க வருகிற இளைஞர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறாராம். “சிலர் இந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. இஞ்சின் எத்தனை விலைக்குக் கொடுப்பீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்” என்றார்.

பேரன் இப்பொழுது தாத்தாவின் வண்டியைக் கேட்கிறான். பெரியவருக்கு முழங்கால் முன்போல் இடங்கொடுக்கவில்லை. அவரே ஒப்புக் கொள்கிறார். கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். மூன்று மாதம் அவன் தன் புது வண்டியைத் தொடக் கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் எந்தக் கால் எதற்கென்பது ஒரு நாள் மறந்துபோகும். அந்த ஒரு நாள் போதும் என்கிறார். பேரன் இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தினமும் போய்வர வேண்டியவன். அவன் கஷ்டமும் நமக்குப் புரிகிறது.

நாம் விடைபெறும்போது பிற்பகல் மூன்று மணி. கல்பாக்கம் பக்கத்தில் ஒரு சங்கத்தின் இருப்புச் சரக்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பெரியவர் வாசல்வரை வந்து நம் ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தார். பின் டயரை விரலால் அழுத்தினார்.

“காற்றுக் குறைவு. எப்பொழுது பார்த்தீர்கள்?”

நமக்குச் சொல்லத் தெரியவில்லை. சார்ப்பிலிருந்து கைப்பம்பை எடுத்துவந்து, நாம் தடுத்தும் கேளாமல், அந்த முறிந்து கூடிய தோளோடு அடிக்கத் தொடங்கினார். பேத்தி ஓடிவந்து பம்பின் அடிப்பலகையை மிதித்துப் பிடித்துக் கொண்டாள்.